பிடித்த ராக் இசைக்குழுவை முதன்முறை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுக்கணக்கில் இயர்போனில் மட்டுமே கேட்டுப் பழகிய ஒரு ராக் இசைக்குழுவை முதன்முறையாக மேடையில் பார்க்கப் போகிறவர்கள், பெரும்பாலும் டிக்கெட்டைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும்தான் யோசிக்கிறார்கள். அங்கே தங்களுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பற்றி யோசிப்பதில்லை. முதல் பாட்டின் முதல் அடி விழுந்ததும் தொண்டை அடைத்து, கண் கலங்கி, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருடன் சேர்ந்து உரக்கப் பாடத் தொடங்கிய பிறகுதான், தமக்கு என்ன ஆயிற்று என்று திகைக்கிறார்கள். வேறு சிலருக்கு நேர்மாறான அனுபவம் வாய்க்கிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் உருகி நிற்கையில் தமக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லையே என்ற வருத்தத்துடன் அவர்கள் திரும்புகிறார்கள். இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களை ஓரளவு தெரிந்துகொண்டு, உடம்பு தொந்தரவு செய்யாதபடி சில ஏற்பாடுகளைச் செய்துவிட்டால் மிச்சத்தை இசை பார்த்துக்கொள்ளும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. உணர்ச்சியை யாராலும் திட்டமிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் காலைக் கடிக்கும் செருப்பும், அடக்கி வைத்த சிறுநீரும், சார்ஜ் தீர்ந்துவரும் கைபேசியைப் பற்றிய கவலையும் அதை வரவிடாமல் தடுத்துவிடும்.

உடம்பும் மனமும் கூட்டமும்

முதலில் ஒலியின் வேலையைப் பார்ப்போம். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; அந்த அதிர்வு காற்றில் பரவும்போது ஓர் அலையின் நீளம் மட்டுமே 8 மீட்டருக்கு மேல் இருக்கும். காதில் செருகும் சிறிய இயர்போனால் இந்தச் சுரத்தைக் கேட்கச் செய்ய முடியும், ஆனால் நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் உள்ளங்காலையும் அதிரச் செய்ய முடியாது. மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்திருக்கும் சப்வூஃபர்கள், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்கள், அந்த வேலையைச் செய்கின்றன. டிரம்ஸ் வாசிப்பவரின் கால் ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் உங்கள் சட்டைத் துணி உடம்பை ஒட்டி அசைவதைக் கைவைத்துப் பார்த்தே உணரலாம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. ஒரு மின்னணு இசை நிகழ்ச்சியில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும், மிகத் தாழ்ந்த ஒலியை இடையிடையே சேர்த்தும் நிறுத்தியும் பார்த்தபோது, அது ஒலித்த நேரங்களில் கூட்டத்தினர் ஏறத்தாழ 12 சதவீதம் அதிகமாக அசைந்து ஆடினர். அப்படி ஒன்று ஒலித்ததை அவர்கள் கவனிக்கவே இல்லை. அது ராக் நிகழ்ச்சி அல்லதான். ஆனாலும், காது அறியாத ஒன்றுக்கு உடம்பு இணங்குகிறது என்ற செய்தி எந்த மேடைக்கும் பொருந்தும்.

அடுத்தது எதிர்பார்ப்பு. மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில், மயிர்க்கூச்செறியும் உச்சத்தின்போது மட்டுமல்லாமல், அந்த உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டனர். இரண்டும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் நிகழ்ந்தன. மேடையில் இந்தக் காத்திருப்பு பல மடங்கு நீள்கிறது. பல்லவிக்கு முன்னால் பாடகர் வேண்டுமென்றே ஒரு மூச்சு நிறுத்துகிறார், டிரம்ஸ் மட்டும் தொடர்கிறது, அடுத்து என்ன வரும் என்பது அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் எப்போது வரும் என்பது மட்டும் தெரியவில்லை.

மூன்றாவது காரணமான கூட்டத்தைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். ஒரே நோக்கத்தோடு ஓரிடத்தில் கூடுபவர்களிடம் தனியொருவரிடம் காண முடியாத ஒரு பொங்குதல் உண்டாகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912-லேயே எழுதினார். அவர் பேசியது சமயச் சடங்குகளைப் பற்றி என்றாலும், ராக் நிகழ்ச்சிக்குப் போய்வந்த எவருக்கும் அது விளக்கம் இல்லாமலே புரியும். இந்தப் பொங்குதலை இசைக்குழு எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் வாசித்தபோது, 55,000-க்கு மேற்பட்டவர்களின் அலறலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை; அன்றிருந்த ஒலிக்கருவிகளுக்கு அவ்வளவு வலு இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தோடு அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1985 ஜூலை 13 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கின் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குயீன் குழுவின் ஃபிரெடி மெர்க்குரி வெறும் உயிரொலிகளைப் பாடிக்காட்ட, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை அப்படியே திருப்பிப் பாடினார்கள். கூட்டத்தின் குரல் இசையை விழுங்கியது முதல் நிகழ்ச்சி என்றால், அதே குரல் இன்னொரு வாத்தியமாகிவிட்டது இரண்டாவது.

நான்காவதும், என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதுமான காரணம், மேடையில் எதுவும் தவறிப்போகலாம் என்பது. கம்பி அறுந்துபோகலாம், குரல் உடையலாம், பாடகருக்கு வரி மறந்துபோகலாம். 2015 ஜூன் மாதம் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் க்ரோல், நிகழ்ச்சி தொடங்கிய சிறிது நேரத்திலேயே மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். முதலுதவி பெற்றுத் திரும்பிவந்து, உட்கார்ந்தபடியே நிகழ்ச்சியை முடித்துக்கொடுத்தார். இவ்வளவு பெரிய விபத்து எல்லா நாளும் நடப்பதில்லை. ஆனால் பதிவில் என்றென்றைக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஒரு பாட்டு, இங்கே ஒவ்வொரு நொடியும் புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆபத்தைக் கேட்பவரின் மனம் உள்ளூர அறிந்தே இருக்கிறது.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரங்கள்

எதிர்பார்ப்புதான் பாதி வேலையைச் செய்கிறது என்றால், பாடல்களைத் தெரிந்துவைத்திருப்பதே முதல் தயாரிப்பு. குழுவின் புகழ்பெற்ற பழைய பாடல்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கவனிக்க வேண்டியது புதிய ஆல்பத்தைத்தான். பெரும்பாலான சுற்றுப்பயணங்கள் ஒரு புதிய ஆல்பத்தை ஒட்டியே நடப்பதால் அதிலிருந்து நான்கைந்து பாடல்களாவது நிச்சயம் இடம்பெறும். அவற்றைக் கேட்டிராதவர்கள் அந்த நேரத்தில்தான் கைபேசியை வெளியே எடுக்கிறார்கள். வரிகளை முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பல்லவிகளும் கூட்டம் சேர்ந்து பாடும் இடங்களும் தெரிந்திருந்தால் போதுமானது. அந்தக் குழுவின் நேரடிப் பதிவுகள் ஒன்றிரண்டைக் கேட்பதும் நல்லது. எந்தப் பாட்டை நீட்டி வாசிப்பார்கள், எந்த இடத்தில் பாடுவதைக் கூட்டத்திடம் விட்டுவிடுவார்கள் என்பது அவற்றில் தெரிந்துவிடும். ஆனால் வெளியிடப்படும் நேரடி ஆல்பங்கள் பல பிறகு ஸ்டூடியோவில் செப்பனிடப்பட்டவை என்பதால், அந்தச் சுத்தத்தை மேடையில் எதிர்பார்க்க வேண்டாம்.

அன்றைய பாடல் வரிசையை, அதாவது செட்லிஸ்ட்டை, முன்கூட்டியே தேடிப் பார்ப்பதா வேண்டாமா என்பதில் ரசிகர்களிடையே தீராத வழக்கு உண்டு. முந்தைய ஊர்களில் என்ன வாசித்தார்கள் என்பது சில மணி நேரத்தில் இணையத்தில் வந்துவிடுகிறது. பெரிய ஒளியமைப்போடு பயணம் செய்யும் குழுக்கள் ஊருக்கு ஊர் வரிசையை அதிகம் மாற்றுவதும் இல்லை. முதன்முறை போகிறவர் பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் இருட்டில் ஒரு கிட்டார் ஒலி தொடங்கி, அது எந்தப் பாட்டு என்று உறைப்பதற்கு ஆகும் அந்த இரண்டு நொடி வேறெங்கும் கிடைக்காது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இறந்துபோன ஒருவரின் நினைவோடோ, கடந்துவந்த ஒரு கொடிய காலத்தோடோ பிணைந்த பாட்டு ஒன்று உங்களுக்கு இருந்தால், அது வருமா, எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரிந்துகொண்டு போவது தவறாகாது. கலங்குவதற்கும் கொஞ்சம் ஆயத்தம் தேவைப்படுகிறது.

கடைசி இரண்டு மூன்று நாட்கள் அந்தக் குழுவின் பாட்டைக் கேட்காமல் இருந்து பாருங்கள்.

எங்கே நிற்பது, யாரோடு போவது

டிக்கெட்டை அதிகாரப்பூர்வ விற்பனையிலோ, குழுவே அறிவிக்கும் மறுவிற்பனை வழியிலோ மட்டும் வாங்குங்கள். டிக்கெட்டின் பார்கோடு தெரியும்படி சமூக ஊடகத்தில் படம் போடாதீர்கள். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இடத்தைத் தேர்வதில்தான் யோசிக்க வேண்டியது அதிகம்.

மேடைக்கு மிக அருகில் நிற்பதே சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முகங்களைப் பார்க்க அது சிறந்த இடம். ஒலியைக் கேட்க அது அவ்வளவு சிறந்ததல்ல. முக்கிய ஸ்பீக்கர்கள் மேடையின் இருபுறமும் உயரத்தில் தொங்கவிடப்பட்டு, அரங்கின் நடுவையும் பின்பகுதியையும் நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். முன்வரிசையில் இருப்பவருக்கு டிரம்ஸின் ஒலியும், மேடையிலுள்ள ஆம்ப் எனும் ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து வரும் கிட்டார் ஒலியும் நேராக வந்து மோதும், அடியிலிருக்கும் சப்வூஃபர் வயிற்றைக் கலக்கும், பாடகரின் குரலோ சில நேரம் அமிழ்ந்துபோகும். தெளிவாகக் கேட்க விரும்புகிறவர் சவுண்ட் இன்ஜினியரின் மிக்சிங் மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நிற்கலாம். மொத்த ஒலியையும் சமன் செய்கிறவர் தம் காதை நம்பித்தான் செய்கிறார், அந்தக் காது அங்கேதான் இருக்கிறது. அந்த மேசையைச் சுற்றியுள்ள தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொள்ள முடிவது கூடுதல் வசதி.

பெரிய திறந்தவெளி அரங்கின் கடைக்கோடியில் இடம் கிடைத்தால் மனம் தளர வேண்டாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குச்சி டிரம்மில் படுவது தெரிந்து, கால் நொடிக்கும் மேலாகக் கழித்தே அந்த அடி கேட்கும். இடையிடையே நிறுத்தியிருக்கும் ஸ்பீக்கர் கோபுரங்கள், மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும்படி கணக்கிட்டுத் தாமதப்படுத்தப்பட்டவை. எனவே திரையில் பாடகரின் உதடும் குரலும் பொருந்தவில்லை என்றால் அவர் பதிவுப் பாட்டுக்கு வெறுமனே உதட்டை அசைத்து ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் வேறொன்று முன்வரிசைக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை: மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவதைப் பார்க்க முடிவது.

நெடுநேரம் நிற்க இயலாதவர்களும், கூட்ட நெரிசலில் மூச்சுமுட்டுவதாக உணர்பவர்களும் தயங்காமல் இருக்கையுள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்குத் தனி மேடை பல அரங்குகளில் உண்டு. டிக்கெட் வாங்கும்போதே அரங்கத்தாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒளிமின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் ஸ்ட்ரோப் விளக்குகள் பயன்படுத்தப்படுகின்றனவா என்று விசாரிப்பது கட்டாயம். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளிதான் பொதுவாக ஆபத்தானது.

யாரோடு போவது என்ற கேள்விக்கு என் விடை சிலருக்குப் பிடிக்காது. அந்தக் குழுவைப் பற்றி அக்கறையில்லாத நெருங்கிய நண்பரை வற்புறுத்தி அழைத்துப் போவதைவிடத் தனியாகப் போவது மேல். அவருக்குச் சலிப்பு தட்டுகிறதா என்று மாலை முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

காதைக் காப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒலியின் உரப்பை டெசிபெல் என்ற அலகால் அளக்கிறார்கள்; ராக் நிகழ்ச்சிகளில் அது 100 டெசிபெல்லைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். தொழிலிடப் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்கின்படி, 85 டெசிபெல் ஒலியை 8 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல், இசை அரங்குகளில் எந்தப் 15 நிமிடத்தை எடுத்துக்கொண்டாலும் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. நீங்கள் நிற்கப்போவதோ இரண்டு மணி நேரம். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழு 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபெல் என்ற சாதனை அளவை எட்டியது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் குறைந்துபோன செவித்திறனோடும் காதிரைச்சலோடும் வாழ்வதைப் பற்றி வெளிப்படையாகவே பேசி வருகிறார். அத்தகைய போட்டியை ஊக்குவிக்கக் கூடாது என்று கருதி, கின்னஸ் சாதனைப் புத்தகம் பின்னாளில் மிக உரத்த இசைக்குழு என்ற அந்தப் பிரிவையே கைவிட்டது.

ஆகவே இயர்பிளக் எனும் காதடைப்பானை வைத்துக்கொள்ளுங்கள். அது உணர்ச்சியைக் குறைத்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. நெஞ்சில் மோதும் தாழ்ந்த ஒலி காது வழியாக மட்டும் வருவதில்லை. காதைக் குடைவது பெரும்பாலும் கூர்மையான இரைச்சல்தான், அது குறைந்தால் பாடகரின் சொற்கள் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் வடிகட்டி வைத்த இயர்பிளக் எல்லாச் சுரத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிக்கும். சாதாரண நுரை இயர்பிளக் கீச்சுச் சுரங்களை அதிகமாக அடைத்துவிடும், ஆனாலும் ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். நுரை வகையை வைக்க ஒரு முறை இருக்கிறது. சுத்தமான விரல்களால் அதை உருட்டி மெல்லிய திரி போலாக்கி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து பொருந்தும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உங்கள் சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவதுபோல் கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். இதை இருட்டில் முதன்முறையாக முயன்று பார்க்காமல், முந்தைய நாள் வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. குழந்தைகளை அழைத்துப் போவதானால் தலையைச் சுற்றி அணியும் காது மூடியே பொருத்தமானது.

உடையும் பையும்

விரலை மூடிய, ஏற்கெனவே பழகிய காலணி. வியர்வையைத் தாங்கும் பருத்திச் சட்டை. அரங்கம் அனுமதிக்கும் அளவுக்குள் ஒரு சிறிய பை. போவதற்கு முன் வயிறார உண்டு, தண்ணீர் போதிய அளவு குடித்துவிடுங்கள். கழிவறை எங்கே, வெளிவாசல்கள் எங்கே என்று உள்ளே நுழைந்த உடனே பார்த்து வைத்துக்கொள்வதும், திரும்பும் வண்டியை முன்பே முடிவு செய்துவிடுவதும் பிற்பாடு பெரிய நிம்மதியைத் தரும்.

விளக்கு அணையும் வரை

முதலில் வாசிக்கும் துணைக் குழுவைப் புறக்கணிக்க வேண்டாம். பாதி நிறைந்த அரங்கில், தங்களைக் காண வராத கூட்டத்தின் முன்னால், குறைந்த ஒலியளவிலும் குறைந்த விளக்கிலும் அவர்கள் வாசிக்கிறார்கள். அந்த உழைப்பைப் பார்ப்பது ஒருபுறம் இருக்க, உங்கள் காதும் உடம்பும் அரங்கின் ஒலிக்குப் பழகுவதற்கு அந்த அரை மணி நேரம் உதவும்.

அவர்கள் இறங்கியதும் வரும் இடைவேளையில் பலர் வெளியே போய்விடுகிறார்கள். ஆனால் கூர்ந்து பார்க்க வேண்டிய நேரம் அது. கறுப்பு உடையணிந்த மேடை உதவியாளர்கள் டிரம்ஸின் மேல் மூடியிருந்த துணியை உருவி எடுக்கிறார்கள். ஒருவர் ஒவ்வொரு டிரம்மாக நிதானமாகத் தட்ட, தூரத்தில் மிக்சிங் மேசையில் இருப்பவர் தலையசைக்கிறார். இன்னொருவர் கிட்டாரைச் சுருதி சேர்த்துத் தாங்கியில் நிறுத்துகிறார், கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல் பலகையின் அருகே ஒரு காகிதத்தை வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுகிறார், தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் வைத்துவிட்டுச் சிறு டார்ச்சை அசைத்துக் காட்டுகிறார். அந்தக் காகிதம்தான் செட்லிஸ்ட். தெரிந்த ரசிகர்கள் அதை எட்டிப் படிக்க முயல்வதும் உண்டு. அரங்கில் அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த பதிவுப் பாட்டு சற்றே உரக்க ஒலிப்பதுபோல் தோன்றினால் நேரம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். பிறகு பாட்டு நடுவிலேயே அறுபட்டு, எல்லா விளக்குகளும் ஒன்றாக அணையும்போது கூட்டத்திலிருந்து எழும் ஒலி, யாரும் இன்னும் எதையும் வாசிக்காத அந்த நொடியிலேயே, பலரை அழவைத்துவிடுகிறது.

பாட்டு நடக்கும்போது

முதல் இரண்டு பாடல்களில் ஒலி குழம்பலாக இருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். வெறும் அரங்கில் சரிபார்த்த ஒலி, ஆயிரக்கணக்கான உடல்கள் நிரம்பியதும் மாறிவிடுகிறது. உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சுகின்றன. சவுண்ட் இன்ஜினியர் அதற்கேற்பத் திருத்துவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். பாடல்கள் பதிவில் இருப்பதைவிட வேகமாகவோ, ஒரு சுருதி இறக்கியோ வருவதும் இயல்பே. வயதேறிய பாடகர்கள் பலர் இளமையில் எட்டிய உச்சத்தைத் தொட முயலாமல் சுருதியை இறக்கிக்கொள்கிறார்கள். எட்ட முடியாத இடத்தைக் கூட்டத்திடம் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆல்பத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவருக்கு இவையெல்லாம் குறையாகத் தெரியும். அந்த மனிதர் இன்று, இந்த வயதில், இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று பார்ப்பவருக்குத்தான் அது நிகழ்ச்சியாகிறது.

கைபேசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். படம் எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் மனம் தன் பொறுப்பைக் கருவியிடம் கொடுத்துவிடுகிறது போலும். 2018-இல் அமெரிக்க ராக் கலைஞர் ஜாக் வைட் தம் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களின் கைபேசிகளைப் பூட்டுள்ள பைகளில் வைக்கச் செய்தார். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றாலும், எந்தப் பாட்டில் ஒரு நிமிடம் பதிவு செய்வது என்று முன்பே தீர்மானித்து, அதை முடித்ததும் பைக்குள் போட்டுவிடுவது ஒரு நல்ல உடன்பாடு. கையை உயர்த்திப் பிடித்திருப்பவரின் பின்னால் நிற்பவர் மொத்த நிகழ்ச்சியையும் இன்னொருவரின் சிறு திரையில் பார்க்க நேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை. அரங்கு இருட்டாக இருக்கிறது, சுற்றியிருப்பவர்கள் மேடையைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது நீங்கள் எதிர்பார்த்த பாட்டில் வராது. ஆல்பத்தில் எப்போதும் தாண்டிப்போன ஏதோ ஒரு மெதுவான பாட்டில், இருபதாயிரம் பேர் சட்டென்று பேச்சை நிறுத்தும்போது வரும். உரக்கப் பாடுவதும் தாராளமாகச் செய்யலாம். ஒலிபெருக்கியின் முன்னால் சுருதி தவறும் உங்கள் குரல் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பாடகர் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடும் இடங்களில் வாயை மூடிக்கொள்வது மரியாதை.

எதுவும் தோன்றவில்லை என்றால்? களைப்பு, பசி, மோசமான ஒலி, முன்னால் நிற்கும் உயரமான மனிதர் என்று சாதாரணக் காரணமே பெரும்பாலும் இருக்கும். முதலில் இடம் மாறி நின்று பாருங்கள். பத்தடி தள்ளி நின்றாலே பேஸ் ஒலி கூடுவதும் குறைவதும் உண்டு, ஏனென்றால் நீண்ட அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி, சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தவும் சில இடங்களில் அழித்துவிடவும் செய்கின்றன. இல்லாவிட்டால் ஒரே ஒரு வாத்தியக்காரரை, குறிப்பாக யாரும் அதிகம் பார்க்காத பேஸ் வாசிப்பவரை, ஒரு முழுப் பாட்டுக்குக் கவனித்துப் பாருங்கள். அவர் கண் டிரம்ஸ் வாசிப்பவரின் கால்மீது எத்தனை முறை போய்வருகிறது என்பது தெரிந்தால், நான்கு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள் என்ற எளிய உண்மை உறைக்கும். அதன் பிறகும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் போகட்டும், எல்லா இரவும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நெரிசலில் நிற்கும் முறை

கூட்டத்தைப் பற்றி இதுவரை இனிமையாகவே பேசியாயிற்று. அதே கூட்டம் கொல்லவும் செய்யும். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ நிகழ்ச்சிக்கு முன்னால், எண் ஒதுக்காத இடங்களைப் பிடிக்க வாசலில் முண்டியடித்த நெரிசலில் 11 பேர் இறந்தனர். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையின் முன்னால் 9 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். நெரிசல் மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் மிதிபடுவதல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் போவதே.

ஒரு சதுர மீட்டருக்கு நான்கைந்து பேருக்கு மேல் போனால் ஆபத்து தொடங்குகிறது. எண்ணிப் பார்க்க முடியாது என்பதால் உடம்பின் அறிகுறியைக் கவனியுங்கள்: கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை என்றாலோ, உங்கள் விருப்பமின்றிக் கூட்டம் உங்களை அலைபோல் நகர்த்துகிறது என்றாலோ உடனே வெளியேற வேண்டும். முழங்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தள்ளலை எதிர்த்து நிற்காமல், அது தணியும் நொடிகளில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே எது விழுந்தாலும் குனிந்து எடுக்காதீர்கள். ஒருவரோடொருவர் மோதி ஆடும் மோஷ் பிட் ஒரு தனி உலகம். அங்கே யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தி உடனே தூக்கிவிட வேண்டும் என்ற எழுதாத விதியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறார்கள். அதில் விருப்பமில்லாதவர் கூட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் திறப்பதைக் கண்டதும் நாலடி பின்வாங்கிவிட்டால் போதும்.

முடிந்த பிறகு

குழு விடைபெற்று உள்ளே போனதும் கிளம்பிவிடாதீர்கள். விளக்குகள் எரியாதவரை நிகழ்ச்சி முடியவில்லை. நாம் 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவதற்கு அவர்கள் முன்பே இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், மிகப் புகழ்பெற்ற பாட்டும் பல நேரம் அங்கேதான் வரும். விளக்கு எரிந்த பிறகு வாசலை நோக்கி அவசரப்படாமல் பத்து நிமிடம் அப்படியே இருங்கள். நெரிசலும் குறையும், மனமும் தரைக்கு வரும்.

அன்றிரவு காதில் சிறு இரைச்சல் கேட்டால் மறுநாள் அமைதியான இடத்தில் இருந்து, இயர்போனைத் தொடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஓரிரு நாளில் அடங்காவிட்டால் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுநாள் காரணமில்லாத ஒரு வெறுமை தோன்றுவதும் வழக்கம்தான். வாரக்கணக்கில் வளர்ந்த எதிர்பார்ப்பு ஒரே இரவில் தீர்ந்துவிட்டது, உறக்கமும் குறைவு, அவ்வளவே. நிகழ்ச்சியின் நடுப்பகுதி நினைவிலிருந்து நழுவிவிட்டதாகவும் பலர் சொல்வார்கள். வீடு திரும்பும் வழியிலேயே, பாடல்களின் பெயரை மட்டும் எழுதாமல், யார் என்ன செய்தார், நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள், எந்த வரியில் கலங்கினீர்கள் என்று நாலு வரி குறித்து வைத்தால் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆல்பத்தைப் போட்டால் மெதுவாகவும் மெலிந்தும் ஒலிப்பதாகத் தோன்றும். ஒரு வாரம் விட்டுவிட்டுக் கேளுங்கள். அதுவரை துணைக் குழுவின் பாடல்களைத் தேடிக் கேட்கலாம். பிடித்திருந்தால், அவர்கள் சிறிய அரங்குகளில் வாசிக்கும் காலத்திலேயே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.